பதினாறு ஆட்டங்களும் பன்னிரண்டு ஆண்டுகளும்

1985 ஏப்ரல் 28. சிகாகோவில் ஓர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு உடைமாற்றும் அறைக்குத் திரும்பியது நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி. பருவம் தொடங்கி 16 ஆட்டங்கள்தான் முடிந்திருந்தன. 6 வெற்றி, 10 தோல்வி. 162 ஆட்டங்கள் கொண்ட நெடும் பருவத்தில் இது பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கிற நேரம். சோறு இன்னும் வந்திருக்காது. அதற்குள் மேனேஜர் யோகி பெர்ராவின் வேலை போய்விட்டது. முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரெனர் நேரில் வரவில்லை, தொலைபேசியிலும் பேசவில்லை. அணி நிர்வாகத்தில் இருந்த க்ளைட் கிங் என்பவரை அனுப்பிச் சேதி சொல்லவைத்தார். இந்தப் பருவம் முழுக்க யோகிதான் மேனேஜர் என்று பருவம் தொடங்குமுன் உறுதி கூறியவரும் அவரேதான். பெர்ராவின் மகன் டேல் அப்போது அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

பெர்ரா சாதாரண ஆள் அல்ல. ஆட்டக்காரராக 10 வேர்ல்டு சீரிஸ் (இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடர்) பட்டங்களை வென்ற அணிகளில் இருந்தவர். ஸ்டைன்பிரெனர் முதலாளியாக இருக்கும்வரை யாங்கீ மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். 14 ஆண்டுகள் அதைக் காப்பாற்றவும் செய்தார். 1999 ஜனவரியில் ஸ்டைன்பிரெனரே நியூ ஜெர்சிக்குப் போய், பெர்ராவின் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் வைத்து வருத்தம் தெரிவித்த பிறகுதான் பிணக்கு தீர்ந்தது. அந்த வருத்தம் எதற்கானது என்று கவனிக்க வேண்டும். முகத்துக்கு நேராகச் சொல்லாமல் ஆள் விட்டுச் சொன்னதற்கு அவர் வருந்தினார். 16 ஆட்டங்களில் ஒரு மனிதரை எடைபோட்டு முடித்ததற்கு அல்ல.

சங்கடம் என்னவென்றால், கணக்கு ஸ்டைன்பிரெனர் பக்கம் நிற்கிறது. பெர்ராவுக்குப் பதிலாக வந்த பில்லி மார்ட்டினின் கீழ் அதே அணி 91 ஆட்டங்களில் வென்று 54-ல் தோற்றது. மொத்தம் 97 வெற்றி. முதலிடத்துக்கு இரண்டு ஆட்டங்கள்தான் குறைவு. அப்படியானால் நீக்கியது சரிதானே? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் காக்கைக்கு எடையே இல்லை என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. யாங்கீஸ் அணியின் நூற்றிருபது ஆண்டு வரலாறு அப்படி நிறுத்துப் பார்க்க வசதியான தராசு. இத்தனை பட்டமும் இத்தனை பணிநீக்கமும் ஒரே கூரையின் கீழ் வேறெங்கும் கிடைக்காது.

மேனேஜர் என்றதும் நமக்கு வங்கி மேனேஜர்தான் நினைவுக்கு வருவார். பேஸ்பாலில் அது வேறு பிறவி. கிரிக்கெட்டில் களத்துக்குள் நிற்கும் கேப்டன் செய்யும் வேலையை, இங்கே எல்லைக்கு வெளியே டக்அவுட்டில் உட்கார்ந்திருக்கும் இவர் செய்கிறார். யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்தெறிந்து களைத்துப்போன பிட்சரை எப்போது வெளியே எடுப்பது, அடுத்து யாரை இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. வெளியே எடுத்த ஆள் அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே வரமுடியாது என்பதால், ஒவ்வொரு மாற்றமும் கை கழுவிவிட்டு எழுந்ததற்குச் சமம். அறுபது வயதுக்காரரும் ஆட்டக்காரர்களின் அதே சீருடையில்தான் உட்கார்ந்திருப்பார். வேடிக்கையான வழக்கம்தான். ஆனால் அதற்குள் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது: இவர் முதலாளியின் ஆளா, ஆட்டக்காரர்களின் ஆளா என்பது கடைசிவரை தீராத கேள்வி.

யாங்கீஸ் வென்றிருப்பது 27 வேர்ல்டு சீரிஸ் பட்டங்கள். அவற்றில் 21-ஐ நான்கே பேர் வென்று தந்தார்கள்: மில்லர் ஹக்கின்ஸ் 3, ஜோ மெக்கார்த்தி 7, கேசி ஸ்டெங்கல் 7, ஜோ டோரி 4. நால்வரும் ஆளுக்குப் பன்னிரண்டு பருவங்களோ அதற்கு மேலோ அந்த இருக்கையில் இருந்தவர்கள். இதைக் காட்டி, நிலைத்த தலைமைதான் வெற்றிக்கு வழி என்று எழுதுவது எளிது; பலர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நிலைத்ததால் வென்றார்களா, வென்றதால் நிலைத்தார்களா? வெற்றி வந்துகொண்டிருக்கும்போது மேனேஜரை வைத்திருக்கப் பொறுமை எதற்கு? பொறுமையைச் சோதிப்பது தோல்விக் காலம். அந்தக் காலங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நால்வரில் இருவர் தெளிவாகத் தெரிகிறார்கள்.

ஒருவர் ஹக்கின்ஸ். சட்டம் படித்தவர், குள்ளமான உருவம், நோஞ்சான் உடம்பு. 1918 பருவத்துக்கு அவரை அமர்த்தியவர் அன்றைய முதலாளி ஜேக்கப் ரப்பர்ட். கூட்டாளியான ஹஸ்டன் அப்போது போர்க்களப் பணியில் பிரான்சில் இருந்தார், அவருக்கு இந்த நியமனம் கடைசிவரை பிடிக்கவில்லை. முதல் மூன்று பருவங்களில் லீக் பட்டம் இல்லை. பிறகு 1921, 22, 23 என்று அடுத்தடுத்து லீக்கை வென்ற அணி, 1925-ல் ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அந்த ஆண்டு நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமான பேப் ரூத் கட்டுப்பாட்டை மீறித் திரிந்தபோது, ஹக்கின்ஸ் அவரை விலக்கிவைத்து 5,000 டாலர் அபராதமும் போட்டார். ரூத் முதலாளியிடம் முறையிடப் போனார். ரப்பர்ட்டும், ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் ஜெனரல் மேனேஜர் எட் பாரோவும் மேனேஜரின் பக்கம் நின்றார்கள். என் கணக்கில் யாங்கீஸ் வரலாற்றின் மிக முக்கியமான நிர்வாக முடிவு அதுதான். அன்று ஹக்கின்ஸ் போயிருந்தால் ஏழாம் இடத்துக்கு அவரே காரணம் என்று ஊர் நம்பியிருக்கும். 110 வெற்றி பெற்ற 1927-ன் அணியை வேறொருவர் நடத்தியிருப்பார். ஹக்கின்ஸ் 1929 செப்டம்பரில் பருவம் முடியும் முன்பே நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

இன்னொருவர் மெக்கார்த்தி. மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். சிகாகோ கப்ஸ் கைவிட்ட பிறகு 1931-ல் இங்கே வந்தார். 1932-ல் பட்டம். அடுத்த மூன்று ஆண்டுகளும் இரண்டாம் இடம். நியூயார்க்கில் இரண்டாம் இடம் என்பது கிட்டத்தட்ட வசைச்சொல். ஆனாலும் அவரை விட்டுவைத்தார்கள். 1936 தொடங்கித் தொடர்ந்து நான்கு வேர்ல்டு சீரிஸ்கள் வந்தன. கைவசம் இத்தனை நட்சத்திரங்கள் இருந்தால் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தால் போதும் என்று எதிரணி மேனேஜர் ஒருவர் அவரைக் கேலி செய்தார். கேலியில் பாதி உண்மை. மீதிப் பாதி, எந்தப் பொத்தானையும் தேவையில்லாமல் அழுத்தாமல் இருப்பதும் ஒரு திறமை என்பது.

ஸ்டெங்கலிடம் வரும்போதுதான் தராசு ஆடத் தொடங்குகிறது. யாங்கீஸுக்கு வருமுன் புரூக்ளினிலும் பாஸ்டனிலும் ஒன்பது பருவங்கள் மேனேஜராக இருந்தார். தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தது ஒரே ஒரு பருவத்தில். யாங்கீஸில் 12 ஆண்டுகளில் 10 முறை லீக் பட்டம், அதில் 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து வேர்ல்டு சீரிஸ். பிறகு புதிதாகப் பிறந்த மெட்ஸ் அணிக்குப் போனார். 1962-ல் அந்த அணி 40 ஆட்டங்களில் வென்று 120-ல் தோற்றது. அதே மனிதர், அதே மூளை, வேறு சீருடைக்குள் அதே வளைந்த கால்கள். அப்படியானால் மேனேஜர் ஒரு பொருட்டே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இடக்கைப் பிட்சர் எறிந்தால் வலக்கை மட்டையாளரையும், வலக்கைப் பிட்சருக்கு இடக்கை மட்டையாளரையும் மாற்றி மாற்றி இறக்கும் பழைய உத்தியை ஸ்டெங்கல் ஒரு கலையாகவே வளர்த்தார். ஒரே இடத்துக்கு இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால்தான் அது பலிக்கும். ஒருவர்கூட உருப்படியாக இல்லாத மெட்ஸில் யாரை எடுத்துவிட்டு யாரைப் போடுவது? பானை நிறைய அரிசி இருப்பவருக்குத்தான் எத்தனை உலை வைப்பது என்ற யோசனை. அரிசி வாங்கிப்போட்டவர் ஜெனரல் மேனேஜர் ஜார்ஜ் வைஸ். மேனேஜரின் திறமை பொய்யல்ல. ஆனால் அது தனியே நிற்காது.

1960-ல் ஸ்டெங்கலை அனுப்பிய விதமும் யோசிக்கத் தக்கது. பிட்ஸ்பர்குக்கு எதிரான அந்த வேர்ல்டு சீரிஸில் யாங்கீஸ் மொத்தம் 55 ரன் எடுத்தது, எதிரணி 27. ஆனாலும் ஏழாவது ஆட்டத்தில் பில் மசரோஸ்கியின் ஹோம் ரன்னில் தோற்றது. அணியின் தலைசிறந்த பிட்சர் ஒயிட்டி ஃபோர்டை முதல் ஆட்டத்தில் இறக்காமல் மூன்றாவதுக்கு ஒதுக்கிவைத்தார் ஸ்டெங்கல். ஃபோர்டு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் எதிரணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. மூன்றாவது முறை அவரை அழைக்க நாள் மிச்சமில்லை. இதைக் காரணம் காட்டி நீக்கியிருந்தால் விவாதத்துக்கு இடமுண்டு. நிர்வாகம் காட்டிய காரணமோ வயது. எழுபது வயதாகும் தவறை இனி ஒருபோதும் செய்யமாட்டேன் என்று ஸ்டெங்கல் நக்கலாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த ரால்ஃப் ஹௌக் 1961, 62 இரண்டிலும் பட்டம் வென்றார். பணிநீக்கத்துக்கு ஆதரவான வாதங்களில் இது வலுவானது: பெரிய மனிதரை அனுப்பினால் கூரை இடிந்துவிழும் என்ற பயம் பொய்த்தது.

கூரை விழுந்தது வேறு காரணத்தால், நான்கு ஆண்டுகள் கழித்து. 1964-ல் முதன்முறை மேனேஜரான பெர்ரா லீக்கை வென்று, வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றார். மறுநாளே அவரை நீக்கினார்கள். வென்ற செயின்ட் லூயிஸ் அணியின் மேனேஜர் ஜானி கீன் அதே நாளில் தன் வேலையை உதறினார். சில நாட்களில் அவர்தான் யாங்கீஸ் மேனேஜர். தோற்கடித்தவரையே கூட்டிவந்துவிட்டால் வெற்றியும் பின்னாலேயே வந்துவிடும் என்ற கணக்கு. 1965-ல் ஆறாம் இடம். 1966-ல் முதல் 20 ஆட்டங்களில் 16 தோல்வி, கீன் போனார். அந்தப் பருவம் கடைசி இடத்தில் முடிந்தது. 1967 ஜனவரியில் கீன் மாரடைப்பால் இறந்தார்.

கீன் என்ன தவறு செய்தார்? மிக்கி மேன்டிலின் கால்கள் தேய்ந்திருந்தன, ராஜர் மாரிஸின் கை அடிபட்டிருந்தது. அதைவிட ஆழமான காரணங்கள் வேறு. ஜாக்கி ராபின்சன் 1947-லேயே நிறத்தடையை உடைத்தார்; யாங்கீஸ் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரான எல்ஸ்டன் ஹோவர்டைக் களமிறக்கியது 1955-ல். அந்த எட்டு ஆண்டுத் தயக்கத்தில் மற்ற அணிகள் அள்ளிக்கொண்ட திறமைகளின் விலையை அறுபதுகளில் கட்ட வேண்டியிருந்தது. 1965-ல் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறை வந்ததும், பணத்தால் இளைஞர்களை முந்திக்கொள்ளும் வழியும் குறுகியது. இவற்றில் எதையும் டக்அவுட்டில் இருந்துகொண்டு சரிசெய்ய முடியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

1973 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்திடமிருந்து அணியை வாங்கிய ஸ்டைன்பிரெனர் மேனேஜரை நீக்கும் இந்த வழக்கத்தை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். முதல் 23 பருவங்களில் 20 முறை மேனேஜர் மாறினார். பில்லி மார்ட்டின் மட்டும் ஐந்து முறை வந்து ஐந்து முறை போனார். 1982-ல் ஒரே பருவத்தில் மூன்று பேர். முழுப் பருவமும் தரப்படும் என்ற வாக்குறுதியோடு தொடங்கிய பாப் லெமன் 14 ஆட்டங்களில் வெளியேறினார். முதலாளியும் மார்ட்டினும் தங்கள் சண்டையையே கேலி செய்து பீர் விளம்பரத்தில் சேர்ந்து நடித்ததும் உண்டு. பணிநீக்கம் நிர்வாக நடவடிக்கை என்ற நிலையிலிருந்து இறங்கி, டிக்கெட் விற்கிற நாடகமாகிவிட்டது.

இந்தக் கொள்கையின் ஆதரவாளர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1978. ஜூலை 19 அன்று யாங்கீஸ், பாஸ்டனுக்கு 14 ஆட்டங்கள் பின்னால் இருந்தது. அணியின் நட்சத்திரம் ரெஜி ஜாக்சனோடும் முதலாளியோடும் மோதிக்கொண்டிருந்த மார்ட்டின், ஒருவர் பிறவிப் பொய்யர், மற்றவர் தண்டனை பெற்றவர் என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். நிக்சனின் தேர்தல் நிதி விவகாரத்தில் ஸ்டைன்பிரெனர் குற்றவாளியாகியிருந்ததைக் குத்திய பேச்சு அது. மறுநாள், ஜூலை 24-ல், கண்ணீரோடு விலகினார். அமைதியான பாப் லெமன் வந்தார். 48 வெற்றி, 20 தோல்வி. பாஸ்டனைச் சமன் செய்து, ஒற்றை ஆட்டத்தில் வீழ்த்தி, வேர்ல்டு சீரிஸையும் வென்றது அணி.

கொதிக்கிற அறையில் ஒருவர் ஜன்னலைத் திறந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. மேனேஜரை மாற்றுவதில் உண்மையான பலன் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் 14 ஆட்ட இடைவெளி 10 ஆகக் குறைந்தது மார்ட்டின் இருந்த கடைசி ஐந்து நாட்களில். பாஸ்டனில் காயங்கள் மலிந்தன. ரான் கிட்ரி அந்தப் பருவத்தில் 25 வென்று 3 தோற்றார். அப்படி ஒரு பிட்சர் இருந்தால் மேனேஜர் கொஞ்சம் கண்ணயரலாம். ஆகஸ்ட் 10 முதல் நியூயார்க்கின் பெரிய செய்தித்தாள்கள் வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடந்தன; அறையில் நடந்த சண்டையை மறுநாள் காலை காபியோடு படிக்க ஊருக்கு வழியில்லை. லெமனின் அமைதியில் அந்த வேலைநிறுத்தத்துக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

எதிர்ப்பக்கச் சாட்சி டிக் ஹவுசர். 1980-ல் 103 ஆட்டங்களில் வென்றார். பிளேஆஃபில் கான்சாஸ் சிட்டியிடம் மூன்றும் தோற்றது அணி. ஓர் ஆட்டத்தில் ஓட்டக்காரரை ஹோமுக்கு அனுப்பி அவுட்டாக வைத்த மூன்றாம் பேஸ் பயிற்சியாளரை நீக்கச் சொன்னார் முதலாளி, ஹவுசர் மறுத்தார். புளோரிடாவில் மனை வியாபார வாய்ப்பு வந்திருப்பதால் அவர் விலகுகிறார் என்று பிறகு அறிவித்தார்கள். அந்த மனை வியாபாரி 1985-ல் கான்சாஸ் சிட்டிக்கு வேர்ல்டு சீரிஸ் வென்று கொடுத்தார்.

அடிக்கடி மாற்றுவதன் கெடுதல் புள்ளிப்பட்டியலில் உடனே தெரியாது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவன் நாளைக்கு எதையும் சேர்த்துவைக்க மாட்டான். மார்ட்டின் போன இடமெல்லாம் அணி சட்டென்று எழும், சட்டென்று எரிந்தும் போகும். யாங்கீஸ் பணிகளுக்கு நடுவே ஓக்லாந்தில் இருந்த 1980-ல், அவருடைய பிட்சர்கள் 94 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை தாங்களே எறிந்து முடித்தார்கள். அக்காலத்துக்கே அது திகைக்கவைக்கும் எண்ணிக்கை. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இளம் தோள்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோயின. விதைநெல்லைச் சமைத்துப் பந்தி வைத்தால் அன்றைக்கு ஊரே புகழத்தான் செய்யும்.

இன்னொன்று என்னை இதைவிட உறுத்துகிறது. இத்தனை முறை கதவு திறந்து மூடியதே, உள்ளே வந்தவர்கள் யார்? மார்ட்டின், மறுபடி மார்ட்டின். லெமன், மறுபடி லெமன். மைக்கேல், மறுபடி மைக்கேல். பினியெல்லா, மறுபடி பினியெல்லா. எல்ஸ்டன் ஹோவர்டு 1969 முதல் பத்தாண்டுகள் அதே அணியில் பயிற்சியாளராக, மேனேஜருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர். க்ளீவ்லாந்து 1975-லேயே ஃபிராங்க் ராபின்சனை மேனேஜராக்கியது. ஹோவர்டுக்கு அழைப்பு வரவே இல்லை. 1980 டிசம்பரில் இறந்துபோனார். இன்றுவரை யாங்கீஸில் ஒரு கறுப்பின மேனேஜர் இருந்ததில்லை. இருபது முறை மாற்றியவர்கள் எதையும் மாற்றவில்லை என்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டுமா?

திருப்பம் வந்த விதத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. 1981-ல், மிரட்டுவதை நிறுத்திவிட்டு நீக்குவதானால் நீக்குங்கள் என்று வெளிப்படையாகப் பேசியதற்காக ஜீன் மைக்கேல் மேனேஜர் பதவியை இழந்தார். 1990-ல், தன் அணி ஆட்டக்காரர் டேவ் வின்ஃபீல்டுக்கு எதிராகத் தகவல் திரட்ட ஒரு சூதாடிக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் ஸ்டைன்பிரெனர் நிர்வாகத்திலிருந்து விலக்கப்பட்டார். அப்போது ஜெனரல் மேனேஜராக வந்தவர் அதே மைக்கேல். முதலாளியின் அவசரம் எட்டாத அந்த இரண்டரை ஆண்டுகளில் பெர்னி வில்லியம்ஸை விற்காமல் வைத்துக்கொண்டார்கள், டெரெக் ஜீட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள், மரியானோ ரிவேராவையும் ஆன்டி பெட்டிட்டையும் வளர விட்டார்கள். பக் ஷோவால்டர் 1992 முதல் நான்கு பருவங்கள் தொடர்ந்து இருந்து அணிக்கு ஒழுங்கு தந்தார். 1995-ல் சியாட்டிலிடம் தோற்றதும் அவரும் போனார்.

வந்தவர் ஜோ டோரி. மெட்ஸ், அட்லாண்டா, செயின்ட் லூயிஸ் மூன்றிலும் நீக்கப்பட்டவர். மொத்தக் கணக்கில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். ஒன்றும் தெரியாத ஜோ என்ற பொருளில் ஒரு செய்தித்தாள் தலைப்புப் போட்டு வரவேற்றது. 1996, 98, 99, 2000 என நான்கு பட்டங்கள். ஷோவால்டரை நீக்கியது சரி என்பதற்கு இது சான்றா? விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அறுவடையும் ஒரு வேலைதான். டோரியின் பெரிய சாதனை ஆட்ட உத்திகளில் இல்லை. முதலாளியின் கோபம் உடைமாற்றும் அறை வாசலைத் தாண்டாமல் தன் மேல் வாங்கிக்கொண்டதில் இருக்கிறது. 12 ஆண்டுகளும் அணி பிளேஆஃபுக்குப் போனது. 2007-ல் சம்பளத்தைக் குறைத்து ஓராண்டு ஒப்பந்தம் நீட்டியபோது மறுத்துவிட்டு நடந்தார்.

1996-க்குப் பிறகு இதுவரை மூன்றே மேனேஜர்கள்: டோரி, 2009-ல் 27-ஆவது பட்டத்தை வென்ற ஜோ ஜிரார்டி, 2018 முதல் ஏரன் பூன். பழைய நோய் குணமாகிவிட்டதாகத் தோன்றலாம். எனக்கு அது வேறு நோயாகத் தெரிகிறது. பூன் எங்கும் மேனேஜராகவோ பயிற்சியாளராகவோ இருந்தவர் அல்ல. தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து நேரே வந்தவர். முதல் இரண்டு பருவங்களிலும் நூறு வெற்றிகளை எட்டினார், பட்டம் மட்டும் வரவில்லை. 1998 முதல் ஜெனரல் மேனேஜராக இருக்கும் பிரையன் கேஷ்மனும் அவருடைய புள்ளிவிவரப் பிரிவும் மேல்தளத்தில் இருக்கிறார்கள். எந்த முடிவு டக்அவுட்டில் பிறக்கிறது, எது மேலிருந்து வருகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புலப்படுவதில்லை. ஹக்கின்ஸ் ரூத்துக்கு அபராதம் போட்டபோது யார் போட்டார்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

2024 வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம், லாஸ் ஏஞ்சலீஸ், பத்தாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் ஒரு ரன் முன்னிலை. செப்டம்பர் 18-க்குப் பிறகு ஒரு பந்துகூட ஆட்டத்தில் எறியாத நெஸ்டர் கோர்டெஸை அழைத்தார் பூன். வந்ததும் ஒரு பெரிய விக்கெட்... பழக்கதோஷம், ஓர் அவுட்: ஷோஹெய் ஓடானி. அடுத்தவரை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். மூன்று பேஸும் நிரம்பின. ஃபிரெடி ஃபிரீமன் முதல் பந்தையே வெளியே அடித்தார். நான்கு ரன், ஆட்டம் முடிந்தது. தொடரும் ஐந்து ஆட்டங்களில் முடிந்தது.

ஸ்டைன்பிரெனர் இருந்திருந்தால் விமானம் நியூயார்க்கில் இறங்குமுன் பூன் போயிருப்பார். இப்போது அணி அவருடைய மகன் ஹால் கையில். 2025 பிப்ரவரியில் பூனின் ஒப்பந்தம் 2027 வரை நீட்டிக்கப்பட்டது. 'பூனை மாற்றுங்கள்' என்ற ரசிகர் குரலைத் தமிழில் எழுதினால் வேறு பிராணி நினைவுக்கு வருகிறது; அதற்கு மணி கட்டுவது யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கோர்டெஸை அழைத்த முடிவு யாருடையது என்று அன்று இரவு செய்தியாளர்கள் கேட்கும்போது, சீருடையோடு அவர்கள் முன் உட்கார்ந்திருந்தவர் பூன் ஒருவர்தான்.